நிமிர்ந்து நிற்க ஒரு கூரை

கேள்வி: உள்ளேயே சமைத்து, படுத்துத் தூங்கிப் பயணம் போகிற கேம்பர்வேன் என்றாலே பழைய ஃபோக்ஸ்வேகன் படத்தைத்தான் போடுகிறார்கள். அவர்கள்தான் முதலில் செய்தார்களா?

பதில்: இல்லை. கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற கடற்படை டாக்டர், ஊர் சுற்றுவதற்கென்றே ‘வாண்டரர்’ என்ற குதிரை வண்டி வீட்டைச் செய்யச் சொல்லி, 1885-ல் இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் வரை அதில் போனார். 1910-ல் அமெரிக்காவின் பியர்ஸ்-ஆரோ கம்பெனி, பின்சீட்டைப் படுக்கையாக்கி, டிரைவரோடு பேச டெலிபோனும் வைத்து ஒரு கார் விற்றது. ஆனால் இதெல்லாம் பணக்காரர்களுக்குத்தான் கட்டுப்படியானது.

ஃபோக்ஸ்வேகன் வேன் 1950-ல் வந்தது. மறுவருடமே வெஸ்ட்ஃபாலியா என்ற ஜெர்மன் கம்பெனி அதற்குள் வைக்கிற மாதிரி ‘கேம்பிங் பாக்ஸ்’ செய்தது. வேலை நாளில் பெட்டியைக் கழற்றிவிட்டுச் சரக்கு ஏற்றலாம். லீவு வந்தால் மாட்டிக்கொண்டு குடும்பத்தோடு கிளம்பலாம். நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டியது இப்படித்தான். படம் போடுகிறவர்கள் மேல் தப்பில்லை.

கேள்வி: எத்தனையோ வகை சொல்கிறார்கள். வித்தியாசத்தை எப்படிப் புரிந்துகொள்வது?

பதில்: முதலில் கூரையைப் பாருங்கள். சாதாரண வேனுக்குள் நிமிர்ந்து நிற்க முடியாது. குனிந்தே சமைத்து, குனிந்தே உடை மாற்றினால் இரண்டாம் நாளே இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஐம்பதுகளில் பிரிட்டனில் டார்மொபைல் என்ற வேனில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். கூரையின் ஒரு பக்கம் கீல், மறுபக்கம் தாழ்ப்பாள். தள்ளினால் பெட்டி மூடி மாதிரி சாய்ந்து எழும்பும். இடைவெளியைக் கோடு போட்ட துணி அடைத்துக்கொள்ளும். உள்ளே இரு ஓரத்திலும் சுருட்டி வைத்த தூளி போன்ற படுக்கைகள். அதில் ஒன்றில் படுத்திருக்கிறேன். மழை பெய்தால் காதுக்குப் பக்கத்திலேயே சடசடவென்று கேட்கும். துணியில் முழங்கை பட்டால் ஜில்லென்று இருக்கும். இருந்தாலும் எனக்கு இன்றுவரை பிடித்தது அந்தக் கூரைதான்.

இப்போது ஐரோப்பாவில் எங்கு பார்த்தாலும் ஃபியட் டுகாட்டோ வேன்தான். முன்சக்கரம் இழுக்கிற வண்டி என்பதால் தரை தாழ்வாக வரும், கூரையும் உயரம். அகலமும் தாராளம், பின்னால் குறுக்குவாட்டில் கட்டில் போடலாம். ஜப்பானில் நேர் எதிர்: ‘கெய்’ என்கிற குட்டி வண்டி என்றால் நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48, உயரம் 2 மீட்டர், எஞ்சின் 660 சிசி. இதற்கு மேல் போகக்கூடாது. அதற்குள்ளும் இரண்டு பேர் படுக்க இடம் செய்துவிடுகிறார்கள். வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸ் மேல் தனியாக வீடு கட்டுகிற பெரிய மோட்டார்ஹோம்கள் பற்றி எனக்கு அவ்வளவு ஆசையில்லை. குறுகலான ஊர்ச் சந்துகளில் அவற்றைத் திருப்ப முடியாது.

கேள்வி: பழைய ஃபோக்ஸ்வேகன் இன்னும் புதிதாகக் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. கடைசிவரை தயாரித்த பிரேசிலிலும் 2013-ல் நிறுத்திவிட்டார்கள். 2014 முதல் ஏர்பேக்கும், பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏபிஎஸ்ஸும் கட்டாயம் என்று அங்கே சட்டம் வந்தது. அந்தப் பழைய உடம்பில் அவற்றைப் பொருத்த வழியில்லை.

கேள்வி: சாதாரண கார் லைசென்ஸ் போதுமா?

பதில்: ஐரோப்பாவில் பொதுவாக, சுமையோடு சேர்த்து வண்டியின் மொத்த எடை 3.5 டன் வரை என்றால் போதும். ஆனால் எடையைக் கவனியுங்கள். 100 லிட்டர் தண்ணீர் நிரப்பினாலே 100 கிலோ ஏறிவிடும். அப்புறம் கேஸ் சிலிண்டர், சைக்கிள், ஆட்கள். வாங்குவதற்கு முன் எல்லாவற்றையும் ஏற்றி, எடை மேடையில் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள்.