காணாமல் போன இரண்டடி

கேள்வி: பிரெஞ்சு முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 12-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் கிரெத்தியான் தெ த்ருவாவின் லான்ஸ்லோ கதையைத்தான் ஆய்வேட்டுக்கு எடுத்திருக்கிறேன். குற்றவாளிகளை ஏற்றும் வண்டியில் ஏறுமுன் லான்ஸ்லோ இரண்டு அடி தயங்கினான், அதற்காகவே அரசி பின்னால் அவனிடம் முகம் கொடுக்கவில்லை என்று வகுப்பில் சொன்னார்கள். ஆனால் நூலகத்தில் கிடைத்த மாரியோ ரோக் பதிப்பில், வண்டிக் காட்சியில் அந்த ‘இரண்டு அடி’யே இல்லை. ஆங்கில மொழிபெயர்ப்பில் இருக்கிறது. அடி எண்களும் ஒத்துப்போகவில்லை. என்னுடையது பிழையான புத்தகமா? எதை வைத்து எழுதுவது?

பதில்: புத்தகத்தில் பிழை இல்லை. ரோக் 1958-இல் வெளியிட்ட அந்தப் பதிப்பை இன்றும் தாராளமாக மேற்கோள் காட்டலாம். நீங்கள் கவனித்த வேறுபாடு மிகப் பழைய வழக்கு. அறிஞர்கள் அதற்காகப் பக்கம் பக்கமாகச் சண்டை போட்டிருக்கிறார்கள்.

காட்சியை நினைவுபடுத்திக்கொள்வோம். ஆர்தர் மன்னனின் அரசி கெனியெவ்ரைக் கடத்திப் போய்விட்டார்கள். குதிரையை இழந்து நடந்து வரும் லான்ஸ்லோ, ஒரு குள்ளன் ஓட்டிப் போகும் வண்டியை எட்டிப் பிடிக்கிறான். கள்வரையும் கொலைகாரரையும் ஊர்வலமாகக் கொண்டுபோகும் வண்டி அது. ஏறியவனுக்கு அன்றோடு மானம் போயிற்று. “ஏறு, அரசி என்ன ஆனாள் என்பது நாளைக்குள் தெரிந்துவிடும்” என்கிறான் குள்ளன். அடுத்து வருவதை ஃபோர்ஸ்டரின் 1899-ஆம் ஆண்டுப் பதிப்பில் படித்தால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

உடனே தன் வழியே போனான்,
ஓரடியும் நிற்கவில்லை, ஒரு நொடியும் நிற்கவில்லை.
இரண்டே இரண்டு அடி தயங்கினான்
வீரன், வண்டியில் ஏறாமல்.

உங்கள் ரோக் பதிப்பில், 360-ஆம் அடியை ஒட்டி:

உடனே தன் வழியே போனான்
வீரன், வண்டியில் ஏறாமல்.

நடுவில் இரண்டு அடி இல்லை. (பாட்டின் அடியும் நடக்கும் அடியும் தமிழில் ஒரே சொல்லாக இருப்பது இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கிறது.) அதைவிட முக்கியம், ‘போனான்’ என்ற வினைக்கு உரியவன் மாறிவிடுகிறான். முதல் பாடத்தில் நிற்காமல் போனவன் குள்ளன். இரண்டாவதில், ஏறாமல் நடையைக் கட்டியவன் லான்ஸ்லோ. பழைய பிரெஞ்சில் எழுவாயைச் சொல்லாமலே வாக்கியம் நிற்கும், நம் ‘போனான்’ போலவே. அதனால் இரண்டும் இலக்கணப்படி சரி.

இரண்டு அடி கூடிய தடமோ குறைந்த தடமோ ஏன் கண்ணில் படவில்லை? இது எட்டசை அடிகளால் ஆன பாட்டு. அடிகள் இரண்டிரண்டாகக் கடைசியில் ஒலி ஒத்து முடியும், நாம் இயைபு என்போமே, அது. இங்கே முதல் அடி தனக்கு முந்திய அடியோடு இணை. நடு இரண்டும் தமக்குள் இணை. கடைசி அடி தனக்கு அடுத்ததோடு இணை. நடு இணையை உருவிவிட்டால் இருபுறமும் தழும்பில்லாமல் ஒட்டிக்கொள்ளும். சேர்த்தாலும் அப்படியே. வந்து சேர்ந்ததா, விட்டுப்போனதா என்று ஓசையை வைத்துச் சொல்லவே முடியாது.

சிக்கல் நாலாயிரம் அடி தள்ளி வெடிக்கிறது. 4480-களில் அரசி கேட்கிறாள்: “வண்டிக்கு வெட்கப்பட்டு அஞ்சினீர்கள் அல்லவா? இரண்டு அடி தயங்கினீர்களே, மனமில்லாமல்தானே ஏறினீர்கள்!” இந்தப் பேச்சு ரோக் பதிப்பிலும் இருக்கிறது. வண்டிக் காட்சியில் சொல்லாத கணக்கு அவள் வாயில் எப்படி வந்தது?

1986-இல் டேவிட் ஹல்ட் ஒரு கட்டுரையில், அந்த இணையடி கிரெத்தியானுடையது அல்ல என்று வாதிட்டார். அரசியின் பேச்சைப் படித்த யாரோ, முன்னால் போய் அதற்கு ஒரு முன்குறிப்பைச் செருகியிருக்கலாம் என்பது அதன் சாரம். ஊய்ட்டியும் ஃபூலேயும் 1988-இல் மறுத்தார்கள். அடுத்த ஆண்டு அவர்கள் கொண்டுவந்த பதிப்பில் அந்த அடிகள் மூலத்துக்குள்ளேயே இடம் பெற்றன. இரு தரப்பும் இந்தப் பாட்டின் எட்டுக் கையெழுத்துப் படிகளையும் தெரிந்தவர்கள்தாம்.

என் சாய்வு ஹல்ட் பக்கம். ரோக் பாடத்தில் தயக்கமே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். தொடர்ந்து படியுங்கள். உடனே துள்ளி ஏறாதது அவனுக்குக் கேடாக முடிந்தது என்று கவிஞரே சொல்கிறார். ஏறாதே என்கிறது பகுத்தறிவு, ஏறு என்கிறது காதல். பகுத்தறிவு வாயில்தான் இருக்கிறது, காதல் நெஞ்சுக்குள் அடைபட்டிருக்கிறது என்று ஓர் அருமையான வரியும் உண்டு. ஆக, தயக்கம் இருக்கிறது, அளவு மட்டும் இல்லை. அளந்து சொல்பவள் அரசி ஒருத்திதான். அவளுக்கு யார் சொன்னார்கள் என்பதும் நமக்குத் தெரியாது. கதையாக எனக்கு இது கூடுதல் சுவை. ஆனால் சுவையைச் சான்றாக்க முடியாது, ஆய்வேட்டில் அப்படி எழுதிவிடாதீர்கள்.

இனி, பதிப்புகள் ஏன் இப்படிப் பிரிகின்றன என்பது. 19-ஆம் நூற்றாண்டில், ஜெர்மானிய அறிஞர் லாக்மன் பெயரால் வழங்கும் பதிப்பு முறை ஓங்கியிருந்தது. படிகளில் உள்ள பொதுப் பிழைகளை வைத்து எந்தப் படி எதிலிருந்து பிறந்தது என்று வம்ச மரம் போட்டு, தொலைந்துபோன மூலத்தை நோக்கி ஏறுவது. பிரெஞ்சு அறிஞர் காஸ்தோன் பாரி 1872-இல் புனித அலெக்சி சரிதத்தை அப்படிப் பதிப்பித்தார். ஃபோர்ஸ்டரும் பல படிகளை ஒப்பிட்டுப் பாடம் அமைத்தவர்.

பாரியின் மாணவர் ஜோசப் பெதியே, ‘நிழல்’ என்ற குறுங்கதைப் பாட்டை 1890-இல் அதே முறையில் பதிப்பித்தார். பிறகு அவருக்கே சந்தேகம் வந்தது. மற்றவர்கள் போட்ட மரங்களை எடுத்துப் பார்த்தால், கிட்டத்தட்ட எல்லாமே இரண்டே கிளையாகப் பிரிந்திருந்தன. மூன்று கிளை இருந்தால் இரண்டு ஒருபுறம் சேர்ந்து ஒன்றைத் தோற்கடிக்கும். இரண்டே என்றால் ஒன்றுக்கு ஒன்று, தீர்ப்பு பதிப்பாசிரியர் கைக்கு வந்துவிடும். தமக்கு அந்த அதிகாரம் வேண்டும் என்பதற்காகவே, தம்மை அறியாமல், மரத்தை அப்படி வளர்க்கிறார்களோ என்று கேட்டார் பெதியே. 1913-இல் அதே பாட்டை மறுபடி பதிப்பித்தபோது நல்ல படி ஒன்றைத் தேர்ந்து, வெளிப்படையான பிழையைத் தவிர எதையும் தொடாமல் அச்சிட்டார். 1928-இல் அதற்கான காரணங்களை விரிவாக எழுதினார்.

ரோக் அந்த வழியில் வந்தவர். அவர் பிடித்துக்கொண்ட படி கியோ என்பவர் 13-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதியது. பாரிஸ் தேசிய நூலகத்தில் பிரெஞ்சுச் சுவடி எண் 794. அதில் இல்லாததை ரோக் சேர்க்கவில்லை, அவ்வளவுதான். இதற்கும் பின்னால் சூம்தோர் (1972), செர்கிலினி (1989) போன்ற ஆய்வாளர்கள், பாடபேதத்தை, அதாவது படிக்குப் படி வரும் வேறுபாட்டை, களையாகப் பார்ப்பதே தவறு, அந்தக் காலத்து இலக்கியத்தின் இயல்பே அசைவுதான் என்றார்கள். அவர்களைப் படியுங்கள். ஆனால் மேற்கோள் காட்ட உங்களுக்கு ஏதாவது ஒரு பதிப்பு வேண்டும், அதை அவர்கள் தரமாட்டார்கள்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது: ரோக் பதிப்பையே அடிப்படையாக வையுங்கள். அடி எண் தரும்போதெல்லாம் பதிப்பாசிரியர் பெயரையும் சேருங்கள். ஆங்காங்கே அடிகள் கூடியும் குறைந்தும் இருப்பதால்தான் எண்கள் நகர்கின்றன. ஃபோர்ஸ்டரையோ ஃபூலே–ஊய்ட்டியையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு, உங்கள் வாதம் எந்த அடியில் தொங்குகிறதோ அந்த அடியை மட்டும் ஒப்பிடுங்கள். முழுப் பாட்டையும் ஒப்பிட்டால் முதுகலை முடியாது. ஒரு பதிப்பில் பாதி, இன்னொன்றில் பாதி என்று சொல்லாமல் கலப்பது மட்டும் மன்னிக்க முடியாத தவறு.

சுவடியைப் பார்க்கவும் பயப்படாதீர்கள். தேசிய நூலகத்தின் காலிக்கா தளத்தில் 794 இலவசமாகக் கிடைக்கிறது. லான்ஸ்லோ கதை 27-ஆம் தாளில் தொடங்குகிறது, பக்கத்துக்கு மூன்று பத்தி. ஒரு தாள் புரட்டினால் வண்டி வந்துவிடும். எழுத்து தெளிவானது, அரை மணி நேரத்தில் கண் பழகும்.

அகராதியில் ஒரு எச்சரிக்கை. நான்சியிலிருந்து வரும் இடைக்காலப் பிரெஞ்சு அகராதி இணையத்தில் எளிதாக அகப்படும், ஆனால் அது 1330 முதல் 1500 வரைக்கானது. உங்கள் பாட்டு 12-ஆம் நூற்றாண்டு. பழைய பிரெஞ்சு அகராதிகளான கோத்ஃப்ருவாவையும் டோப்ளர்–லோமாட்ஷையும் தேடுங்கள். இன்னொன்று, ‘அரசவைக் காதல்’ என்ற சொல்லைக் கவிஞர் பயன்படுத்தியது போல எழுதாதீர்கள். அதை அறிஞர் வழக்காக்கியவர் காஸ்தோன் பாரி, 1883-இல், இதே பாட்டைப் பற்றிய கட்டுரையில்.

வகுப்பில் கேட்ட அந்த வாக்கியத்தை மட்டும் ஆய்வேட்டில் இப்படித் திருத்திக்கொள்ளுங்கள்: “கியோ படியில் லான்ஸ்லோவின் தயக்கம் அளவு சொல்லாமல் வருகிறது, ‘இரண்டு அடி’ என்று கணக்குச் சொல்பவள் அரசி. ஃபோர்ஸ்டர் பாடத்தில் அந்த அளவு வண்டிக் காட்சியிலேயே தரப்படுகிறது.” அடுத்த பத்தியில் உங்கள் வாதத்தைத் தொடங்கலாம்.