கேளுங்க, சொல்றேன்: டேபிள் மேல ஒரு குட்டி ஸ்க்ரீன்

கம்ப்யூட்டர் சூடாகுறதைப் பத்தி போன இதழ்ல எழுதுனதுக்கு வந்த லெட்டர்ல பாதிப்பேர் ஒரே விஷயத்தைத்தான் கேட்டிருக்கீங்க. அந்த டெம்பரேச்சர், ஃபேன் ஸ்பீடெல்லாம் கேம் ஆடும்போதும் கண்ணுக்கு முன்னாடி தனியா ஒரு சின்ன ஸ்க்ரீன்ல ஓடணும், அதுக்கு என்ன வழின்னு. அதனால இந்தத் தடவை முழுக்க அதுதான்.

கேள்வி: ஆன்லைன்ல 3.5 இன்ச் யூஎஸ்பி டிஸ்ப்ளேன்னு விக்கிறாங்களே சார், சிபியூ, கிராபிக்ஸ் கார்டு டீட்டெயில் எல்லாம் கலர்ஃபுல்லா காட்டுது, வாங்கலாமா? (வாசகர், ஈரோடு)

பதில்: வாங்கலாம், ஆனா அது என்ன சாமான்னு தெரிஞ்சு வாங்குங்க. பாக்க குட்டி மானிட்டர் மாதிரி இருக்கும், ஆனா விண்டோஸ் அதை மானிட்டரா பாக்காது, காம் போர்ட்டுல மாட்டுன ஒரு சீரியல் டிவைஸாத்தான், அதாவது டேட்டாவை ஒவ்வொரு பிட்டா வரிசையா வாங்குற சாமானாத்தான் பாக்கும். அதனால யூடியூப் விண்டோவை இழுத்து அதுல போடலாம்னு கனவு கண்டா நடக்காது. இந்த டைப்புல பெரும்பாலும் 320க்கு 480 பிக்சல், ஒரு பிக்சலுக்கு ரெண்டு பைட்டுன்னு கணக்குப் போட்டா ஒரு முழு படத்துக்கே 3,07,200 பைட் ஆகுது, அதை சீரியல் வழியா ஒவ்வொரு தடவையும் முழுசா தள்ளுனா மெதுவா மேலேருந்து கீழ வரைஞ்சுக்கிட்டே வரும். அதனாலதான் மாறுற நம்பர் இருக்கிற கட்டத்தை மட்டும் திருப்பி வரையிறாங்க. நம்பரும் பார் கிராஃபும் காட்ட அது போதும், அனிமேஷனெல்லாம் எதிர்பாக்காதீங்க.

கூடவே வர்ற சாஃப்ட்வேர் சுமார்தான்னு பலபேர் சொல்றாங்க. டூரிங் ஸ்மார்ட் ஸ்க்ரீன் பைதான்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் புரோகிராம் இருக்கு, விண்டோஸ், லினக்ஸ் ரெண்டுலயும் ஓடும், தீம் நம்மளே மாத்திக்கலாம். ஒரே ஒரு சிக்கல், வெளியில பாக்க ஒரே மாதிரி இருக்கிற ஸ்க்ரீன்லயே உள்ள வேற வேற ரகம் இருக்கு, ஒண்ணோட பேசுற பாஷை இன்னொண்ணுக்குப் புரியாது. உங்க மாடல் அந்த புரோகிராம் லிஸ்ட்ல இருக்கான்னு பாத்துட்டு ஆர்டர் பண்ணுங்க.

இன்னொரு வழி, கேபினட்டுக்குள்ள வைக்கிற எச்டிஎம்ஐ பேனல். அது நிஜமாவே ரெண்டாவது மானிட்டர், எய்டா64ன்னு சென்சார் படிக்கிற சாஃப்ட்வேர்ல சென்சார் பேனல்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அதை அதுல விரிச்சு விட்டா அழகா இருக்கும். ஆனா மவுஸ் அப்பப்ப அதுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கும், திறக்கிற விண்டோ சிலது அங்க போய் உக்காந்துக்கும், அந்த எரிச்சலைத் தாங்கணும்.

கேள்வி: அண்ணா, நான் பாலிடெக்னிக் படிக்கிறேன். ஆர்டுயினோ நானோவும் 16க்கு 2 எல்சிடியும் வாங்கி கனெக்ட் பண்ணிட்டேன், பின்னாடி ஐ ஸ்கொயர் சி போர்டு ஒட்டியிருக்கு. நீல லைட் எரியுது, எழுத்து ஒண்ணும் வரல. எல்சிடி போச்சா? (மாணவர், நாகர்கோவில்)

பதில்: போயிருக்காது தம்பி, பயப்படாத. (மத்தவங்களுக்கு: ஆர்டுயினோ நானோங்கிறது நம்ம புரோகிராம் போட்டு ஓட்டுற குட்டி போர்டு, 16க்கு 2ன்னா வரிக்கு 16 எழுத்து, ரெண்டு வரி, ஐ ஸ்கொயர் சிங்கிறது ரெண்டே வயர்ல சிப்புங்க பேசிக்கிற முறை.) முதல்ல அந்த பின்னாடி போர்டுல நீலக்கலர்ல ஒரு சின்ன கட்டி இருக்கும் பாரு, நடுவுல ஸ்க்ரூ, அதுதான் கான்ட்ராஸ்ட். சின்ன ஸ்க்ரூ டிரைவரால மெதுவா திருப்பிக்கிட்டே வா, முக்கால்வாசி கேஸ்ல எழுத்து அதுக்குள்ளதான் ஒளிஞ்சிருக்கும். திருப்பும்போது மேல் வரிசை மட்டும் கட்டம் கட்டமா தெரிஞ்சா கரண்ட் வருது, ஆனா புரோகிராம் எல்சிடியோட பேசலன்னு அர்த்தம். அப்ப அட்ரஸை, அதாவது அந்த போர்டைக் கூப்பிடுற நம்பரைப் பாரு. அந்த போர்டுல இருக்கிற சிப் பிசிஎஃப்8574ன்னா வழக்கமா ஹெக்ஸ்ல (பதினாறை அடியா வெச்சு எண்ணுற முறை) 27, கடைசில ஒரு ஏ சேர்ந்து இருந்தா 3எஃப். நெட்ல சுட்ட கோடுல ஒண்ணு இருக்கும், உன் கையில இருக்கிறது இன்னொண்ணா இருக்கும். ஐ ஸ்கொயர் சி ஸ்கேனர்னு ஒரு குட்டி புரோகிராம் இருக்கு, அதை ஓட்டுனா அதுவே அட்ரஸைச் சொல்லிடும்.

எழுத்து வந்ததுக்கப்புறம் என்னென்ன படுத்தும்னும் சொல்லிடறேன், இல்லாட்டி அடுத்த லெட்டரும் நீதான் போடுவ. கம்ப்யூட்டர்லேருந்து பைதான் மொழியில எழுதுன புரோகிராம் வழியா நம்பரை அனுப்பும்போது, போர்ட்டைத் திறந்த உடனே நானோ ஒரு தடவை ரீசெட் ஆகும், அதனால ரெண்டு செகண்ட் பொறுத்து அனுப்பு. அதே நேரம் ஆர்டுயினோ சாஃப்ட்வேர்ல சீரியல் மானிட்டர் திறந்து கிடந்தா போர்ட் பிஸின்னு எரர் வரும், மூடிடு. டிகிரி போடுற சின்ன வட்டத்தை அப்படியே டைப் பண்ணி அனுப்புனா கண்ட கண்ட எழுத்து வரும், ஏன்னா அது கம்ப்யூட்டர்ல ரெண்டு பைட்டு, இந்த எல்சிடிக்கு ஒரு எழுத்துக்கு ஒரு பைட்டுதான். நம்ம கடையில கிடைக்கிற சாதாரண எல்சிடில 223ம் நம்பர் எழுத்தை அனுப்பு, வட்டம் வரும். அந்த எல்சிடிக்குள்ள ஜப்பான்காரன் எழுத்து இருக்கு, தமிழ் இல்ல. நம்மளா வரைஞ்சு போடலாம்னாலும் ஒரு நேரத்துல எட்டு எழுத்துக்குத்தான் இடம், அதுவும் அஞ்சுக்கு எட்டு புள்ளிக்குள்ள. அந்த எட்டை பார் கிராஃப் வரையறதுக்கு வெச்சுக்கோ.

எல்லாத்தையும் விட முக்கியம் ஒண்ணு இருக்கு, யாரும் சொல்லித் தர மாட்டாங்க. பைதான் புரோகிராம் நடுவுல ஹேங் ஆயிட்டாலும் எல்சிடில கடைசியா வந்த 52 டிகிரி அப்படியேதான் நிக்கும், உள்ள 95 ஓடிக்கிட்டு இருக்கும், நீ 52ஐப் பாத்துட்டு நிம்மதியா கேம் ஆடிக்கிட்டு இருப்ப. அதனால அஞ்சு செகண்டா புது டேட்டா வரலன்னா நம்பரை அழிச்சுட்டு வெறும் கோடு போடுன்னு நானோ பக்கம் நாலு வரி எழுதிடு. இது இல்லாத டிஸ்ப்ளே, டிஸ்ப்ளே இல்லாததை விட மோசம்.

கேள்வி: சென்சார் படிக்கிற சாஃப்ட்வேர் போட்டா விண்டோஸ் டிஃபெண்டர் வைரஸ் மாதிரி கத்துது. டிஃபெண்டரை ஆஃப் பண்ணிடலாமா? (வாசகர், திருச்சி)

பதில்: வேண்டவே வேண்டாம். ப்ராசசருக்குள்ள இருக்கிற சூட்டை சாதாரண புரோகிராமால நேரா படிக்க முடியாது, அதுக்கு விண்டோஸோட அடிமட்டம் வரைக்கும் போற ஒரு டிரைவர் வேணும். ரொம்ப வருஷமா நிறைய சாஃப்ட்வேர் இதுக்கு வின்ரிங்0ன்னு ஒரே டிரைவரைத்தான் பயன்படுத்துச்சு. அதுல ஓட்டை இருக்குன்னு 2020லயே பதிவாயிருக்கு, அதாவது உங்க கம்ப்யூட்டர்ல புகுந்த வேற ஒரு புரோகிராம் இதையே ஏணியா வெச்சு மேல ஏறிடலாம். 2025லதான் டிஃபெண்டர் பெரிய அளவுல பிடிக்க ஆரம்பிச்சுது, அப்பதான் ஃபேன் கன்ட்ரோல் மாதிரி சாஃப்ட்வேர் வெச்சிருந்தவங்க எல்லாரும் பதறுனாங்க. சாஃப்ட்வேர் எழுதுனவங்க மேல தப்பான எண்ணம் வேண்டாம், ஆனா டிஃபெண்டர் சொல்றதும் பொய் இல்ல. லிப்ரே ஹார்ட்வேர் மானிட்டர்னு சென்சார் படிக்கிற சாஃப்ட்வேரோட புது வெர்ஷன்ல பான்ஐஓன்னு வேற டிரைவருக்கு மாறிட்டாங்க. பழசை அன்இன்ஸ்டால் பண்ணிட்டு அதைப் போடுங்க. ஓப்பன் ஹார்ட்வேர் மானிட்டர்னு பழைய பேர்ல ஒண்ணு இன்னும் கிடைக்கும், அதோட கிளைதான் லிப்ரே, இனிமே லிப்ரேயையே எடுங்க.

கேள்வி: வீட்டுல ராஸ்பெரி பைன்னு குட்டி கம்ப்யூட்டர் ஒண்ணை மானிட்டர் இல்லாம ஓட்டுறேன், அதுக்கு சின்ன ஓஎல்இடி ஸ்க்ரீன் வைக்கணும். என்னென்ன காட்டலாம்? (வாசகி, கோவை)

பதில்: முதல் வரியில ஐபி அட்ரஸை, அதாவது நெட்வொர்க்ல அந்த மெஷினோட நம்பரைக் காட்டுங்க மேடம். மானிட்டர் இல்லாத மெஷின்ல நீங்க அடிக்கடி தேடப்போறது அதுதான், ரௌட்டர் மாத்திக் குடுத்துடும், அப்புறம் உள்ள போக வழி தெரியாம முழிக்கணும். அடுத்தது சூடு, அப்புறம் டிஸ்க்ல எவ்வளவு இடம் மிச்சம், அவ்வளவுதான். 0.96 இன்ச், 128க்கு 64 புள்ளி, அதுல ஆறு வரி திணிச்சா பக்கத்துல போய்க் குனிஞ்சுதான் படிக்கணும்.

எஸ்எஸ்டி1306 சிப் இருக்கிற ஓஎல்இடியா வாங்குங்க, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போனா சில நூறு ரூபாய்க்குள்ள முடிஞ்சுடும். நாலே வயர், பையோட 1ம் பின்ல 3.3 வோல்ட், 3ல டேட்டா, 5ல கிளாக், 6ல கிரவுண்ட். மாட்டுறதுக்கு முன்னாடி ஓஎல்இடி மேல அச்சடிச்சிருக்கிறதைப் படிங்க, சிலதுல வோல்டேஜும் கிரவுண்டும் இடம் மாறி இருக்கும். சூட்டை லினக்ஸ் ஒரு ஃபைலாவே வெச்சிருக்கு, திறந்து பாத்தா 48312ன்னு இருக்கும், ஆயிரத்தால வகுத்தா 48.3 டிகிரி. சிபியூ லோடு அப்படி நேரா கிடைக்காது, பூட் ஆன நேரத்துலேருந்து கூட்டிக்கிட்டே வர்ற கணக்குதான் இருக்கும், ஒரு செகண்ட் இடைவெளியில ரெண்டு தடவை படிச்சு கழிச்சுப் பாக்கணும். பைதான்ல பிஎஸ்யூடில்னு லைப்ரரி போட்டா அதுவே கழிச்சுக் குடுத்துடும். பை 80 டிகிரி தாண்டுனா தானாவே வேகத்தைக் குறைக்க ஆரம்பிச்சுடும், அதனால 75லயே எழுத்து பிளிங்க் ஆகுற மாதிரி வெச்சா நல்லது.

ஓஎல்இடி ஒரே எழுத்தை மாசக்கணக்கா காட்டுனா அந்த இடம் மங்கிப்போயிடும். ராத்திரி ஆஃப் ஆகுற மாதிரியும், பகல்ல வரிகள் ரெண்டு மூணு புள்ளி அங்க இங்க நகர்ற மாதிரியும் எழுதிடுங்க.

கேள்வி: டிராயர்ல பழைய ஆண்ட்ராய்டு போன் கிடக்குது. அதையே ஸ்க்ரீனா வெச்சுக்கலாமா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: தாராளமா. காசு செலவே இல்லாத வழி இதுதான். லிப்ரே ஹார்ட்வேர் மானிட்டர்ல ரிமோட் வெப் சர்வர்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, ஆன் பண்ணிட்டு, அதே வைஃபைல இருக்கிற போன் பிரவுசர்ல கம்ப்யூட்டரோட ஐபி போட்டு, முக்காப்புள்ளி வெச்சு 8085 போட்டா எல்லா சென்சாரும் வந்து நிக்கும். வரலன்னா ஃபயர்வால்தான் தடுக்குது, பிரைவேட் நெட்வொர்க்குக்கு மட்டும் அனுமதி குடுங்க. எய்டா64 காசு குடுத்து வாங்குற சாஃப்ட்வேர், அதுல ரிமோட் சென்சார்னு இதே வசதி இன்னும் அழகா இருக்கும். போனை நாள் முழுக்க சார்ஜ்லயே விட்டுடாதீங்க, பழைய பேட்டரி உப்பிடும். பின்பக்க மூடி லேசா தூக்குன மாதிரி தெரிஞ்சாலே அந்த போனை எடுத்து வெச்சுடுங்க.

கேள்வி: பழைய லேப்டாப் ஸ்க்ரீனைக் கழட்டி இதுக்குப் பயன்படுத்தலாமா? (வாசகர், வேலூர்)

பதில்: பேனல் நம்பருக்குப் பொருத்தமான கன்ட்ரோலர் போர்டு வாங்குனா ஓடும். நாலு நம்பர் பாக்க 15 இன்ச் எதுக்குங்க, அதை ரெண்டாவது மானிட்டராவே வெச்சுக்குங்க.