டயப்பர் கேட்டு நிற்கும் பிள்ளையும் பதினொன்றரை மணித் தூக்கமும்

வாசகியின் கேள்வி: என் மகனுக்கு 2 வயது 9 மாதம். கானாடுகாத்தான் பக்கத்தில் கணவரின் பூர்வீக வீட்டில் மாமியாருடன் இருக்கிறேன். கணவர் துபாயில் வேலை பார்க்கிறார். கூட்டிப் போனால் கழிவறையில் ஒன்றுக்குப் போகிறான். மலம் மட்டும் டயப்பர் கட்டினால்தான் போகிறான், அதுவும் 3 அல்லது 4 நாளுக்கு ஒரு முறை. கதவுக்குப் பின்னால் நின்று முகம் சிவக்க முக்குகிறான். சோப்புத் துண்டு வைத்துப் பார்த்தோம். தொக்கம் எடுத்துவிட்டு வரலாம் என்கிறார் மாமியார். சோறு குறைவு, 250 மில்லி பாட்டிலில் நாளைக்கு 3 முறை பால் குடிக்கிறான். மதியம் 2 முதல் 4.30 வரை தூங்குவான், இரவு 11.30க்கு முன் கண் மூடுவதில்லை, காலை 8.30க்குத்தான் எழுகிறான். தூங்க வைக்க மருந்துக் கடையில் கொடுத்த சிரப் ஒரு வாரம் கேட்டது. ஜூனில் பள்ளியில் சேர்க்க வேண்டும். டயப்பர் இல்லாமல் வந்தால்தான் இடம் என்கிறார்கள். என்ன செய்வது?

கதவுக்குப் பின்னால் உங்கள் மகன் நிற்பதை நாளை ஒரு முறை, அவனுக்குத் தெரியாமல், பக்கவாட்டிலிருந்து பாருங்கள். குதிகால் தரையில் படாமல் முன்பாதத்தில் நிற்பான், தொடைகள் இரண்டும் ஒட்டியிருக்கும், பிட்டம் இறுகியிருக்கும், கதவின் தாழ்ப்பாளையோ சுவரையோ பிடித்துக்கொண்டு உடம்பை விறைத்துக்கொள்வான். மலம் கழிக்க முக்குகிற பிள்ளை குந்துவான், முழங்காலை மடக்குவான். இவன் காலை நீட்டி விறைத்து நிற்கிறான் என்றால் வருகிற மலத்தை உள்ளே தள்ளி அடக்குகிறான் என்று பொருள். முகம் சிவப்பது அந்த முயற்சியினால்தான். காரைக்குடியில் நான் குழந்தைகளைப் பார்க்கத் தொடங்கிய 26 ஆண்டுகளில் இதை ‘முக்குகிறான்’ என்று சொல்லாத ஒரு தாயைக்கூடச் சந்தித்ததில்லை. ஆகவே நீங்கள் தவறாகப் பார்த்துவிட்டதாக வருந்த வேண்டாம்.

ஏன் அடக்குகிறான்? என்றோ ஒரு நாள் கெட்டியாகப் போய் வலித்திருக்கும். வலித்ததை மறுபடி செய்யக் கூடாது என்று முடிவெடுப்பதற்கு 2 வயதுப் பிள்ளைக்குப் போதிய அறிவு உண்டு. அடக்கிய மலம் குடலின் கடைசிப் பகுதியில் தங்கும். குடல் அதிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். 4 நாள் கழித்து வெளியே வரும்போது அது இன்னும் பெரிதாக, இன்னும் கெட்டியாக வந்து, அவன் பயந்தது சரிதான் என்று அவனுக்கே நிரூபித்துவிடும். இப்படிச் சில மாதங்கள் போனால் அந்தக் குடல் பகுதி விரிந்து, ‘இப்போது போக வேண்டும்’ என்ற உணர்வே மங்கிவிடுகிறது. அதன் பிறகு கெட்டி மலத்தைச் சுற்றி இளகியது கசிந்து ஜட்டியில் கறையாகும். அதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து அதை நிறுத்த மருந்து வாங்கிக் கொடுப்பவர்கள் உண்டு. அது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுவது போன்றது.

ஆகையால் கழிவறைப் பழக்கத்தை இப்போதைக்கு மறந்துவிட்டு முதலில் வலியை நிறுத்த வேண்டும். குழந்தை மருத்துவரிடம் காட்டி, லாக்டுலோஸ் பாகோ பாலிஎதிலீன் கிளைக்கால் தூளோ எடைக்கு ஏற்ற அளவில் எழுதி வாங்குங்கள். இவை குடலை விரட்டுகிற பேதி மருந்துகள் அல்ல. மலத்துக்குள் தண்ணீரைப் பிடித்து வைத்து அதை இளக வைப்பவை. ‘பழகிவிடும்’ என்ற பயத்தில் ஒரு வாரத்தில் நிறுத்திவிடுவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. நிறுத்தியதும் பழைய கதை. விரிந்த குடல் சுருங்கி உணர்வு திரும்பப் பல மாதங்கள் ஆகும். தினமும் வாழைப்பழம்போல் மிருதுவாகப் போகிற நிலை வந்து, அது குறைந்தது 2, 3 மாதங்கள் நீடித்த பிறகே மருந்தை மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும்.

பாலை நாளைக்கு 400 முதல் 500 மில்லிக்குள் நிறுத்துங்கள். 750 மில்லி பால் குடிக்கிற பிள்ளைக்குச் சோற்றுக்கும் கீரைக்கும் வயிற்றில் இடமில்லை. மலச்சிக்கலோடு இரும்புச் சத்துக் குறைவும் சேர்ந்து வரும். பாட்டிலை விட்டு டம்ளருக்கு மாற்றினாலே பாதி குறைந்துவிடும். கொய்யா, பப்பாளி, கீரை, தண்ணீர் ஆகியவற்றைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அப்பத்தாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

ஆனால் அப்பத்தாவுக்குத் தெரிந்த எல்லாவற்றையும் நான் ஒப்புக்கொள்ள முடியாது. சோப்புத் துண்டு மலவாயின் மெல்லிய தோலை எரிக்கிறது. விளக்கெண்ணெயில் தோய்த்த வெற்றிலைக் காம்பு கீறுகிறது. இரண்டுமே அன்றைக்கு வேலை செய்துவிடுவதுதான் கேடு, ஏனென்றால் அடுத்த முறையும் அதையே தேடுவீர்கள். பிள்ளையோ நான்கு பேர் பிடித்து அழுத்திய அந்த இடத்தை இன்னும் இறுக்கமாகக் காப்பான். இனி மருத்துவர் சொல்லாமல் அவன் மலவாயில் எதையும் வைக்காதீர்கள்.

தொக்கம் எடுப்பதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். குழந்தை ‘முழுங்கியது’ வயிற்றில் ஒட்டிக்கொண்டிருப்பதாகவும், வயிற்றைத் தடவி, வாயில் ஊதி, தொண்டைக்குள் விரலை விட்டு அதை வெளியே எடுத்துவிடலாம் என்றும் சொல்லி, கடைசியில் உள்ளங்கையில் ஒரு பருப்பையோ இட்லித் துணுக்கையோ காட்டுவார்கள். விழுங்கிய உணவு இரைப்பையில் சில மணி நேரத்துக்கு மேல் நிற்காது. வாரக்கணக்கில் அது ஒட்டிக்கொண்டிருக்க அங்கே ஒரு பரணும் கிடையாது. உணவு மூச்சுக்குழாயில் போயிருந்தால் பிள்ளை இருமித் திணறும். அப்போது ஓட வேண்டிய இடம் மருத்துவமனை. சில ஆண்டுகளுக்கு முன் தொண்டையில் நகக்கீறலும் இரத்தமுமாக ஒரு 2 வயதுப் பெண் குழந்தையை என்னிடம் தூக்கி வந்தார்கள். எடுத்ததாகக் காட்டப்பட்ட பொருள் ஒரு கொண்டைக்கடலைத் தோல். அந்த மாதம் தங்கள் வீட்டில் கொண்டைக்கடலையே வாங்கவில்லை என்று குழந்தையின் ஆயா, அதாவது அம்மாவைப் பெற்றவர், என்னிடம் மெதுவாகச் சொன்னார். மருமகனுக்கு எதிரே சொல்லத் தயங்கியிருப்பார்போலும். இதைவிட எனக்கு எரிச்சலூட்டுவது, தொக்கம் எடுக்கிற இடத்துக்குக் குழந்தையை அனுப்பிவைக்க ஆள் வைத்துக்கொண்டிருப்பதுதான். பேருந்து நிலையத்தில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிற தாயிடம் தானாக வந்து பேச்சுக் கொடுக்கிறவரின் அக்கறைக்கு அங்கே பங்கு உண்டு. மாமியாரோடு சண்டை வேண்டாம்; டாக்டர் தொண்டையில் விரல் படக் கூடாது என்று சொல்லிவிட்டார் என என் மேல் பழியைப் போட்டுவிடுங்கள்.

மலம் இளகித் தினமும் போகத் தொடங்கிய பிறகு இடத்தை மாற்றலாம். உங்கள் வீட்டின் அமைப்பை யோசித்துப் பாருங்கள். முகப்பிலிருந்து நடுமுற்றமான வளவைத் தாண்டி, இரண்டாம் கட்டைத் தாண்டி, பின்கட்டின் கோடியில் கழிவறை இருக்கும். நம் செட்டிநாட்டு வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறவை. பெரியவர்களுக்கே இரவில் அந்த நடை பிடிக்காது. 2 வயதுப் பிள்ளைக்கு உணர்வு வந்து அவன் சொல்லி, நீங்கள் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குள் அது அடங்கிவிடும். தரையோடு பதிந்த பீங்கான் அவன் காலுக்கு அகலமானது. உள்ளே விழுந்துவிடுவோமோ என்ற பயமும் இருக்கும். ஆகவே இருநூறு, முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற சாதாரணப் பிளாஸ்டிக் பாட்டி (potty, பிள்ளைகள் உட்கார்ந்து மலம் கழிக்கிற சிறு இருக்கை) ஒன்றை, அவன் விளையாடும் கட்டின் ஓரத்தில், கழுவுவதற்கு எளிதான ஆத்தங்குடிக் கல் தரையில் போட்டுவையுங்கள். பாதம் இரண்டும் தரையில் முழுதாக ஊன்றி, முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயர்ந்திருக்க வேண்டும். பாட்டு பாடுகிற, விளக்கு எரிகிற பாட்டி வேண்டாம். 3 நாளில் பழக்கித் தருகிறோம் என்று கைப்பேசியில் வகுப்பு விற்பவர்களுக்கு ஒரு ரூபாயும் அனுப்ப வேண்டாம்.

அவன் டயப்பர் கேட்டால் கொடுங்கள். மறுத்தால் அடக்குவான், அதுதான் நமக்கு ஆகாது. முதலில் டயப்பரோடு அந்தப் பாட்டியின் பக்கத்தில் நின்று போகட்டும். சில நாள் கழித்து டயப்பரோடே பாட்டியில் உட்காரட்டும். பிறகு டயப்பரின் அடியில் கத்தரியால் ஒரு துளை போட்டுக் கட்டுங்கள். மலம் பாட்டியில் விழும், இடுப்பில் டயப்பர் இருக்கும், அவனுக்கும் ஒப்பந்தம் மீறப்பட்டதாகத் தோன்றாது. துளையை நாளுக்கு நாள் பெரிதாக்கிக்கொண்டே போனால் கடைசியில் இடுப்புப் பட்டை மட்டும் மிஞ்சும். சாப்பிட்ட 20, 30 நிமிடத்தில் குடல் தானாக அசையும்; காலை இட்லிக்குப் பிறகும் இரவு உணவுக்குப் பிறகும் 5 நிமிடம் மட்டும் உட்கார வைத்துவிட்டு எழுப்பிவிடுங்கள், போனாலும் போகாவிட்டாலும். இரவில் படுக்கை நனைவதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். 5 வயது வரை நாங்கள் அதை நோயென்று எண்ணுவதில்லை.

இவ்வளவும் வலியால் அடக்குகிற பிள்ளைக்குச் சொன்னது. ஒரு விதிவிலக்கு உண்டு, அதை நீங்கள் கட்டாயம் விலக்கிப் பார்க்க வேண்டும். அவன் பிறந்த பிறகு முதல் கறுப்பு மலம் எப்போது போனான் என்று நினைவிருக்கிறதா? பெரும்பாலான குழந்தைகள் 24 மணி நேரத்துக்குள் போய்விடுவார்கள். 48 மணி நேரம் கடந்தும் போகவில்லை என்றால், குடலின் கடைசிப் பகுதியில் நரம்பணுக்கள் இல்லாமலேயே பிறந்திருக்கிறானோ என்று சந்தேகிக்க வேண்டும். நரம்பணு இல்லாத அந்தத் துண்டு இறுகியே இருக்கும்; மருந்தோ பழமோ அதைத் தளர்த்தாது. சுமார் 5,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிற குறை இது. ஆண் குழந்தைகளுக்கு அதிகம். அத்தகைய பிள்ளைக்குப் பிறந்த நாள் தொட்டே மலச்சிக்கல் இருக்கும், வயிறு உப்பியிருக்கும், எடை ஏறாது, ஜட்டியில் கசிவு பெரும்பாலும் இராது, கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்து நிற்கிற இந்த நாடகமும் இராது. குடலிலிருந்து துளி சதை எடுத்துப் பார்த்துத்தான் உறுதி செய்ய முடியும். அறுவை சிகிச்சையால் சரிசெய்ய முடியும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்கள் மகனுக்கு அது இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஆனாலும் பிரசவமான மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடி எடுங்கள். நம் வீடுகளில் நகைச் சீட்டு பத்திரமாக இருக்கும், பிள்ளை பிறந்த சீட்டு இருக்காது. அது கிடைக்காவிட்டால் பிரசவத்தின்போது உடனிருந்த உங்கள் அம்மாவைக் கேளுங்கள். முதல் துணி மாற்றியது அவராகத்தான் இருக்கும்.

இனித் தூக்கம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: இரவு 11.30 முதல் 8.30 வரை 9 மணி நேரம், மதியம் இரண்டரை மணி நேரம், மொத்தம் பதினொன்றரை. 1 முதல் 2 வயதுக்கு 11 முதல் 14 மணி நேரம், 3 முதல் 5 வயதுக்கு 10 முதல் 13 மணி நேரம் என்பதே பொதுவான அளவு. உங்கள் மகனுக்குத் தூக்கம் குறையவில்லை, தள்ளிப் போயிருக்கிறது. தூக்கம் போதிய அளவு இருக்கிற பிள்ளைக்கு எதற்குத் தூக்க மருந்து? கடையில் கொடுத்தது பெரும்பாலும் சளிக்கான சிரப்பாக இருக்கும்; அதன் மயக்கத்தைத்தான் உங்களுக்கு விற்றிருக்கிறார்கள். அந்த வகை மருந்துகள் வாயையும் குடலையும் உலர்த்தும், மலச்சிக்கலைக் கூட்டும். சிரப்பை நிறுத்துங்கள். குளோர்பெனிரமைனும் பினைலெப்ரினும் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிட வேண்டுமென 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகம் உத்தரவிட்டது. உத்தரவு லேபிளில் பொடி எழுத்தில் இருக்கிறது; கடையில் எடுத்துக் கொடுக்கிற பையன் அதைப் படிப்பதில்லை; யாரும் வந்து அவனைக் கேட்பதுமில்லை.

இரவு சீக்கிரம் படுக்க வைக்கப் போராடுவதை விட்டுவிட்டுக் காலையைப் பிடியுங்கள். 3 நாளுக்கு ஒரு முறை 15 நிமிடம் முன்னதாக எழுப்பினால் 3 வாரத்தில் 8.30 என்பது 6.45 ஆகிவிடும். மதியத் தூக்கத்தை ஒரு மணி நேரமாகச் சுருக்கி 3 மணிக்குள் முடித்துவிடுங்கள். இரவு தானாக முன்னால் வரும். நீங்கள் எழுதாத ஒன்றையும் நான் ஊகிக்கிறேன்: அவனுடைய அப்பா வீடியோவில் அழைப்பது இரவு 10.30 மணி வாக்கில்தானே? அங்கே அப்போது 9 மணி. வேலை முடிந்து, சாப்பிட்டு, ஓய்வாக உட்கார்கிற நேரம். வளைகுடாவில் தகப்பன் இருக்கிற வீட்டுப் பிள்ளைகளில் பாதிப் பேர் இந்தக் காரணத்தால்தான் விழித்திருக்கிறார்கள் என்பது என் அனுபவம். அப்பாவின் முகத்தைப் பார்ப்பதை நான் திரை நேரமாகக் கணக்கிடுவதில்லை. நேரத்தை மட்டும் மாற்றுங்கள். இங்கே காலை 8 மணி என்றால் அங்கே 6.30, அவர் வேலைக்குக் கிளம்பும் முன் 10 நிமிடம் பேசட்டும். இரவு 8.30க்கு மேல் படுக்கிற அறையில் விளக்கைத் தணித்துவிட்டு, அப்பத்தாவின் தொடர் ஓடுகிற சத்தம் கேட்காதபடி கதவைச் சாத்திவையுங்கள்.

பள்ளியைப் பற்றி. ஜூனுக்குள் மலம் கழிக்கும் பழக்கம் முழுதும் வந்துவிடும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். 3 வயதுக் குழந்தையின் குடலுக்குக் கல்வியாண்டு தெரியாது. டயப்பர் இல்லாமல் வா என்று கேட்கிற பள்ளிகளில் நான் பார்த்தவரை கழிவறை பெரியவர்களுக்கான உயரத்தில் இருக்கிறது; 30 பிள்ளைகளுக்கு ஓர் உதவியாளர்; சிலவற்றில் பூட்டு. நிபந்தனை பெற்றோருக்கு மட்டும், வசதிக்கு எந்த நிபந்தனையும் இல்லை. உங்கள் மகன் கூட்டிப் போனால் கழிவறையில் ஒன்றுக்குப் போகிறான், அதுவே பள்ளி நேரத்துக்குப் போதும். காலை உணவுக்குப் பிறகு வீட்டிலேயே மலம் போக வைத்து அனுப்பலாம். சேர்க்கைக்குப் போகும்போது இதைச் சொல்லி, கழிவறையை ஒரு முறை திறந்து காட்டச் சொல்லுங்கள்.

மருத்துவரிடம் வரும்போது 2 வாரக் குறிப்பு ஒன்றை எழுதிக்கொண்டு வாருங்கள்: என்றைக்குப் போனான், கெட்டியா மிருதுவா, எவ்வளவு பால், எத்தனை மணிக்குத் தூங்கி எத்தனை மணிக்கு எழுந்தான். அரசு மருத்துவமனையானாலும் தனியார் ஆனாலும் கூட்ட நாளில் உங்களுக்குக் கிடைப்பது 3 நிமிடம். அந்தச் சீட்டு இருந்தால் 3 நிமிடம் போதும். கடையில் வாங்கிய சிரப் பாட்டிலையும் எடுத்து வாருங்கள். தீர்ந்துபோயிருந்தாலும் பரவாயில்லை, லேபிள் கிழியாமல் இருக்கட்டும்.