பால் பாக்கெட்டின் மூலை

அன்புள்ள ஐயா,

மன்னார்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் பொருளியல் நடத்துகிறேன். நுகர்வு பற்றிய பாடத்துக்காக, ஒரு வாரம் தூக்கிப்போடுவதையெல்லாம் நோட்டில் எழுதிவரச் சொன்னேன். விடுதி மாணவிகளின் நோட்டுகள் ஷாம்பு பாக்கெட், பிஸ்கட் உறை என்று நிரம்பி வழிந்தன. பைக்கில் வரும் ஒரு மாணவன் நான்கே வரி எழுதியிருந்தான். வகுப்பே அவனுக்குக் கைதட்டியது. எனக்கு மட்டும் உறுத்துகிறது. எங்கே தவறினேன்?

ச.

அன்புள்ள ச.,

உறுத்த வேண்டியதுதான். அவன் வீட்டு ஷாம்பு பாட்டில் காலியாக மூன்று மாதம் ஆகும். உங்கள் ஏழு நாள் கணக்கில் அது எப்படி விழும்? மொத்தமாகப் பணம் சேராத கைதான் சில்லறையாக வாங்குகிறது. ஷாம்பை அப்படிச் சிறு உறையில் அடைத்து விற்றவர் கடலூரின் சின்னி கிருஷ்ணன். உழைப்பாளிக்கும் எட்ட வேண்டும் என்பது அவர் எண்ணம். எட்டியது. பாட்டிலையாவது எடைக்குப் போடலாம். பல அடுக்குகளை ஒட்டிச் செய்த அந்த உறையைப் பழைய பேப்பர்காரர் தொடமாட்டார். ஆகவே நோட்டில் இரண்டு கட்டம் கூடுதலாகப் போடச் சொல்லுங்கள்: என்ன விலைக்கு வாங்கியது, தூக்கிப்போட்ட பிறகு யார் எடுத்துப்போகிறார்கள்.

டீக்கடைக் கோப்பையை எத்தனை பேர் 'பேப்பர்' என்று எழுதியிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். உள்ளே பிளாஸ்டிக் பூசிய அந்தக் கோப்பை 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள்.

நானும் ஒருமுறை இப்படி எழுதிப் பார்த்தேன். பால் பாக்கெட்டைக் கழுவி ஜன்னல் கம்பியில் காயவைத்து எடைக்குப் போடும் வீடு எங்களுடையது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. மூன்றாம் நாள்தான் அந்த மூலை கண்ணில் பட்டது. கத்தரித்து எறிந்த, சுண்டுவிரல் நகமளவு முக்கோணம். கழுவுதொட்டி வழியாகச் சாக்கடைக்கு, அங்கிருந்து வாய்க்காலுக்கு. ஜூனில் மேட்டூர் திறந்து முதல் தண்ணீர் வரும்போது மதகில் சேரும் குப்பையில் அதை எங்கே தேடுவது? பெரிய கண்டுபிடிப்பாக மனைவியிடம் சொன்னேன். "நான் மூலையை முழுக்க வெட்டுவதே இல்லை, தொங்கவிட்டுத்தான் ஊற்றுவேன். நீங்கள் காபி போடும் நாளில்தான் அது காணாமல் போகிறது" என்றாள்.

அந்த நான்கு வரி மாணவனைத் தனியாகக் கூப்பிடுங்கள். அவன் வீட்டில் குப்பைக் கூடையை வாசலுக்கு எடுத்துவருபவர் யாரோ, அடுத்த வாரம் நோட்டு அவர் கையில் இருக்கட்டும்.