சிங்கப்பூருக்கு ஸ்வெட்டர் எதற்கு?

அடுத்த மாதம் வேலைக்குச் சிங்கப்பூர் வருகிறேன், சென்னை வெயிலையே பார்த்தவன், நாலு பருத்திச் சட்டை போதும்தானே அக்கா என்று கேட்டிருந்தீர்கள் தம்பி. சட்டை போதும். கூடவே ஒரு ஸ்வெட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள், அலுவலகத்தில் என் நாற்காலி முதுகில் பதினாறு வருடமாக ஒரு சால்வை தொங்குகிறது. இங்கே ஏசி அப்படி.

வெயில் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரிதான். இங்கே இதுவரை பதிவான உச்சமே 37 டிகிரி. சென்னை மே மாதத்தில் அதைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். ஆனால் சென்னைக்கு மார்கழி என்று ஒன்று உண்டு, இங்கே அது கிடையாது. பூமத்திய ரேகை 137 கிலோமீட்டர் தூரத்தில்தான். எந்த மாதமானாலும் பகலில் 31, 32, இரவில் 25. சூரியனும் காலை ஏழு வாக்கில் வந்து மாலை ஏழு வாக்கில் போய்விடும்.

நிஜமான தொந்தரவு ஈரம். முதல் வருடம் மூன்று வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்து அலமாரியைத் திறந்தால், என் வீட்டுக்காரரின் தோல் ஷூ முழுக்கப் பச்சையாகப் பூஞ்சணம். என் கல்யாணப் பட்டிலும் புள்ளிகள். பட்டோ தோலோ சான்றிதழோ, காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் பாக்கெட்டோடு வையுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏசி சர்வீஸ் உங்கள் செலவு என்று பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். ரசீதுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நான் போட்டேன், வீட்டைக் காலி செய்யும்போது முன்பணத்தில் 300 வெள்ளியைப் பிடித்துக்கொண்டார்கள். (டாலரை இங்கே நம் ஆட்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள்.) பூந்தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். டெங்கிக் கொசுவைத் தேடி அதிகாரிகள் வீட்டுக்கே வருவார்கள், புழு இருந்தால் அபராதம்.

சாப்பாட்டுக்கு அலைய வேண்டியதில்லை, தேக்கா இருக்கிறது (லிட்டில் இந்தியாவை நம் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள்). காப்பிதான் முதலில் திகைக்க வைக்கும். வெறுமனே 'கோப்பி' என்றால் கெட்டிப்பாலும் சர்க்கரையுமாகத் திகட்டும். 'கோப்பி சி கொசோங்' என்று கேளுங்கள், சர்க்கரை இல்லாத பால் காப்பி வரும். மேசையில் யாரோ மறந்துவிட்டுப் போன மாதிரி டிஷ்யூ பாக்கெட் கிடந்தால், அது இடம் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். உணவங்காடியில் சாப்பிட்ட தட்டை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும், 2021 முதல் அது கட்டாயம்.

மழைக்கு மாதக்கணக்கு பார்க்காதீர்கள். டிசம்பர், ஜனவரியில் ஜாஸ்தி, அவ்வளவுதான். நடுவருடத்தில் சில நாள் விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து காற்றும் மழையுமாக வந்து ஜன்னலை அறையும். மழைக்கோட்டு மட்டும் வேண்டாம். உள்ளே வேர்த்தே நனைந்துவிடுவீர்கள். குடையை இங்கே வந்து வாங்கிக்கொள்ளலாம்.