பழைய தாளில் மறைந்திருப்பது: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் வீட்டில் ஆங்கிலேயர் காலத்துக் கடிதம் ஒன்று இருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்தால் கிரீடம் மாதிரி ஏதோ மங்கலாகத் தெரிகிறது. இரண்டு பக்கமும் எழுத்து இருப்பதால் சரியாகப் புலப்படவில்லை. அதை வைத்து வயதைச் சொல்ல முடியுமா?

பதில்: அது வாட்டர்மார்க், அதாவது நீர்க்குறி. கையால் தாள் செய்த காலத்தில் கம்பி வலைச் சட்டத்தால் கூழை அள்ளுவார்கள். வலைமேல் ஓர் உருவத்தைக் கம்பியால் வளைத்துத் தைத்திருந்தால் அந்த இடத்தில் கூழ் குறைவாகத் தங்கித் தாள் மெலிந்துவிடும், விஷயம் அவ்வளவுதான். இத்தாலியின் ஃபாப்ரியானோவில் 13ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே இந்த வழக்கம் உண்டு. எழுத்துதான் தொந்தரவு என்றால் போனை ஸ்டாண்டில் வைத்து, தாளை அசைக்காமல் இரண்டு படம் எடுங்கள், ஒன்று முன்னால் வெளிச்சம் வைத்து, இன்னொன்று பின்னால் எல்.இ.டி. பலகை வைத்து. முதல் படத்தில் எழுத்து மட்டும்தான் இருக்கும், இரண்டாவதில் எழுத்தும் குறியும் சேர்ந்திருக்கும், ஒன்றிலிருந்து மற்றதைக் கணினியில் கழித்தால் குறி ஓரளவு தனியே நிற்கும்.

வயது? பிரிக்கே என்பவர் 1907இல் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட குறிகளை வரைந்து வெளியிட்டார், ஆனால் அது 1600 வரைதான். உங்கள் கடிதத்துக்கு வேறு வழி இருக்கிறது: 1794க்குப் பிறகு பிரிட்டிஷ் தாள்களில் வருடத்தையே குறியாக வைப்பது பரவியது, கிரீடத்துக்குப் பக்கத்திலோ தாளின் மறுபாதியிலோ தேடுங்கள். அது கிடைத்தாலும் கம்பி வலைச் சட்டம் செய்த வருடம்தான், கடிதம் எழுதிய வருடம் அல்ல. கடிதத்தில் போட்டிருக்கும் தேதி அதைவிடப் பழையதாக இருந்தால் மட்டும் சந்தேகப்படுங்கள்.

கேள்வி: சுரண்டி அழித்த எழுத்தையும் மீட்க முடியுமாமே?

பதில்: முடியும், ஆர்க்கிமிடீஸ் ஏடே சாட்சி. 10ஆம் நூற்றாண்டில் தோலில் படியெடுத்திருந்த அந்தப் பழங்கால கிரேக்க அறிஞரின் கணிதத்தை 1229இல் ஒருவர் சுரண்டிவிட்டு மேலே பிரார்த்தனைகளை எழுதினார். 1906இல் ஹைபெர்க் என்ற டென்மார்க் அறிஞர்தான் அடியில் இருப்பது யாருடையது என்று கண்டுபிடித்தார். 1998இல் ஏலத்துக்கு வந்து சுமார் 20 லட்சம் டாலருக்குப் போன பிறகு, பால்டிமோரில் வைத்துப் பல நிற ஒளிகளில் படமெடுத்தார்கள். புற ஊதா ஒளியில் தோல் மினுங்கும், மையின் மிச்சம் கருப்பாக நிற்கும். சில பக்கங்களில் மட்டும் 20ஆம் நூற்றாண்டில் எவரோ தங்கப்பூச்சோடு போலிச் சித்திரம் வரைந்து வைத்திருந்தார் (விலை ஏறும் என்ற நினைப்பாக இருக்கும்!), அங்கே ஒளி எடுபடவில்லை. ஸ்டான்ஃபோர்டில் எக்ஸ்ரே பாய்ச்சி, மையில் இருந்த இரும்பைப் புள்ளி புள்ளியாகத் தேடித்தான் வாசித்தார்கள்.

கேள்வி: மாசிக்காய்ச் சாறு தடவினால் மங்கிய மை கருக்கும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். ஐரோப்பாவின் பழைய மை பெரும்பாலும் மாசிக்காயும் அன்னபேதியும் (இரும்பு உப்பு) சேர்ந்ததுதான், அதனால் சாறு பட்டதும் மிச்சமிருக்கும் இரும்பு கருக்கும், அது உண்மை. ஆனால் நாளாக ஆகத் தாளோ தோலோ முழுக்கப் பழுப்பேறிவிடும். வத்திகானில் நூலகராக இருந்த அஞ்சலோ மாய் 19ஆம் நூற்றாண்டில் இப்படித்தான் ஏடுகளில் கறை ஏற்றி வைத்தார். அதற்குப் பதில் இருட்டறையில் புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள், ஒளி கண்ணில் படாமல், ஓரிரு நிமிடம் மட்டும்.