தலைப்புச் செய்தியும் தீர்ப்பும்

அன்புள்ள ஐயா,

தென் மாவட்டம் ஒன்றில் ஐந்தாண்டு சட்டப்படிப்பின் மூன்றாம் ஆண்டில் இருக்கிறேன். பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ் வழி. வீட்டில் சட்டம் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். மாதிரி நீதிமன்றப் போட்டிகளுக்குப் போனால், பெருநகர மாணவர்கள் கட்டணத் தரவுத்தளங்களிலிருந்து தீர்ப்புகளை அடுக்குகிறார்கள். எனக்கு அந்தச் சந்தா கட்ட வசதி இல்லை. வாட்ஸ்அப்பில் வரும் சட்டச் செய்திகளைக் குறிப்பெடுத்துக்கொள்கிறேன். சந்தேகம் வந்தால் செயற்கை நுண்ணறிவுச் செயலியைக் கேட்கிறேன். எதை நம்புவது, எங்கே தொடங்குவது? தமிழில் தீர்ப்புகள் கிடைக்குமா?

ஒரு சட்ட மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

சந்தாவைப் பற்றிய கவலையை முதலில் இறக்கி வையுங்கள். தீர்ப்பின் மூல வாசகம் யாருடைய தனிச்சொத்தும் அல்ல. ஈஸ்டர்ன் புக் கம்பெனி எதிர் டி.பி. மோடக் வழக்கில் 2007 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. தீர்ப்பின் சாரத்தைச் சொல்லப் பதிப்பாளர் அதன் மேலே எழுதும் தலைக்குறிப்பு போன்றவற்றுக்குப் பதிப்புரிமை உண்டு. நீதிபதி எழுதிய தீர்ப்புக்கு இல்லை. அடுத்த மாதமே, 2008 ஜனவரியில், சுஷாந்த் சின்ஹா என்ற பொறியாளர் 'இந்தியன் கானூன்' தேடுபொறியைத் தொடங்கினார். இன்று நாடெங்கும் வழக்கறிஞர்கள் பலர் முதலில் திறப்பது அதைத்தான். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே தன் அதிகாரபூர்வத் தீர்ப்புத் தொகுப்பை, சுமார் 34,000 தீர்ப்புகளுடன், இ-எஸ்.சி.ஆர். என்ற பெயரில் இலவசமாகத் திறந்துவிட்டது. சட்டங்களின் வாசகத்துக்கு அரசின் 'இந்தியா கோட்' இருக்கிறது. ஒரு மசோதா எதற்காக வந்தது, எதை மாற்றுகிறது என்று பார்க்க பி.ஆர்.எஸ். என்ற சட்டமியற்றல் ஆய்வு அமைப்பின் சுருக்கங்கள் இருக்கின்றன. 1891 முதல் வெளிவரும் மெட்ராஸ் லா ஜர்னலின் தடித்த தொகுதிகளைப் பார்க்க ஒரு சீனியரின் அறைக்குள் நுழையும் வாய்ப்பு வேண்டியிருந்த காலம் ஒன்று உண்டு. அந்தக் கதவு இன்று உங்களுக்கு மூடியில்லை.

நான் உண்மையில் கவலைப்பட்டது, செய்தியைக் குறிப்பெடுத்துக்கொள்வதாக நீங்கள் எழுதிய வரியைப் படித்தபோதுதான். லைவ் லா, பார் அண்டு பெஞ்ச் போன்ற சட்டச் செய்தித் தளங்கள் நல்ல பணி செய்கின்றன, தினமும் பாருங்கள். ஆனால் செய்தி உங்களைத் தீர்ப்பின் வாசல்வரை கொண்டுபோய் விடும், அவ்வளவுதான். உள்ளே நீங்கள்தான் போக வேண்டும்.

நம் ஊர் வழக்கு ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 2022 ஜனவரி 20 அன்று அருணாசல கவுண்டர் எதிர் பொன்னுசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தந்தையின் சொத்தில் மகள்களுக்கு உரிமை உண்டு என்று செய்திகள் வந்தன. பலர் அதை, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப்போலவே பிறப்புரிமை தந்த 2005 திருத்தச் சட்டத்தோடும், அதை விளக்கிய 2020இன் வினீதா சர்மா தீர்ப்போடும் சேர்த்துக் குழப்பிக்கொண்டார்கள். தீர்ப்பைத் திறந்தால் விஷயமே வேறு. ஒருவர் நீதிமன்ற ஏலத்தில் தானே வாங்கிய நிலத்தை விட்டுவிட்டு, உயில் எழுதாமல் 1949இல் இறந்துபோகிறார். அவருக்கு ஒரே மகள். அந்த மகளும் குழந்தையில்லாமல் 1967இல் இறக்கிறார். அதன் பிறகு, முதலில் இறந்தவருடைய சகோதரரின் மகள்களில் ஒருவர் தனக்கு ஐந்தில் ஒரு பங்கு வேண்டும் என்று வழக்குப் போடுகிறார். விசாரணை நீதிமன்றமும் சென்னை உயர் நீதிமன்றமும் மறுத்துவிட்டன. 1949லேயே சொத்து சகோதரரின் மகனுக்குப் போய்விட்டது என்பது அவை எடுத்த முடிவு.

உச்ச நீதிமன்றம் கேட்டுக்கொண்ட கேள்வி இதுதான்: 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் வருவதற்கு முன்பே, கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்த ஒருவர் சுயமாகச் சம்பாதித்த சொத்து அவருடைய மகளுக்கு வருமா, சகோதரரின் மகனுக்குப் போகுமா? பழைய இந்துச் சட்ட நூல்களையும் முந்தைய தீர்ப்புகளையும் அலசிவிட்டு, மகளுக்கே வரும் என்றது. அந்த மகள் 1956க்குப் பிறகு இறந்ததால் அவருடைய சொத்துக்குப் புதிய சட்டத்தின் 15ஆம் பிரிவு பொருந்தும். தந்தையிடமிருந்து வந்த சொத்து, குழந்தை இல்லாத நிலையில், தந்தையின் வாரிசுகளுக்குத் திரும்பும். அப்படித்தான் சகோதரரின் மகள்களுக்குப் பங்கு கிடைத்தது. செய்தியின் தலைப்பை மட்டும் குறித்துக்கொண்டவர், பூர்வீகச் சொத்து வழக்கொன்றில் இந்தத் தீர்ப்பை நீட்டிவிட்டு எதிர்த்தரப்பின் முதல் கேள்வியிலேயே நின்றுபோவார். என்ன சொத்து, யார் எப்போது இறந்தார், எந்தச் சட்டம் அன்று இருந்தது: இந்த மூன்றும் இல்லாமல் வாரிசுரிமைத் தீர்ப்பு எதுவும் புரியாது. இவற்றைத் தலைப்பில் அடக்க முடியாது. அது செய்தியாளர் குற்றமும் அல்ல.

இன்னொரு வகைச் செய்தியிலும் எச்சரிக்கை தேவை. விசாரணையின்போது நீதிபதி வாய்மொழியாகச் சொன்னவை. 2021 ஏப்ரலில், கொரோனா இரண்டாம் அலை நேரத்தில், சென்னை உயர் நீதிமன்றம் தேர்தல் ஆணையத்தைப் பற்றிச் சொன்ன கடுமையான வார்த்தைகள் உங்களுக்கு நினைவிருக்கலாம். கொலைக் குற்றச்சாட்டு என்கிற அளவுக்குப் போன பேச்சு அது. ஆணையம் உச்ச நீதிமன்றம் சென்றது. 2021 மே 6 தீர்ப்பு இரண்டு விஷயங்களைச் சொன்னது: ஊடகங்கள் அப்படிப்பட்ட கருத்துகளை வெளியிடுவதைத் தடுக்க முடியாது, ஆனால் உத்தரவில் இடம்பெறாத வாய்மொழிக் கருத்து நீதிமன்றத்தின் அதிகாரபூர்வப் பதிவின் பகுதி அல்ல. மாணவருக்கு இரண்டாவது பாதி மிக முக்கியம். அரசியலமைப்பின் 141ஆவது பிரிவு எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்று சொல்வது உச்ச நீதிமன்றம் அறிவிக்கும் சட்டத்தை. விசாரணையில் எழுந்த கேள்வியையோ, கோபத்தையோ அல்ல.

தீர்ப்பைக் கண்டுபிடித்த பிறகும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. அது இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஏஷியன் ரீசர்ஃபேசிங் வழக்கில் 2018இல் மூன்று நீதிபதிகள், விசாரணைக்கு விதித்த இடைக்காலத் தடை நீட்டிக்கப்படாவிட்டால் ஆறு மாதத்தில் தானாகவே முடிந்துவிடும் என்றார்கள். பல ஆண்டுகள் அதை வைத்தே வாதங்கள் நடந்தன. 2024 பிப்ரவரி 29 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை ரத்துசெய்தது. பழைய குறிப்பேட்டை நம்பிப் போகிறவருக்கு இது தெரிய வழியில்லை. இந்தியன் கானூனில் ஒவ்வொரு தீர்ப்போடும் அதை மேற்கோள் காட்டிய பிந்தைய தீர்ப்புகளின் பட்டியல் வரும். அதில் புதியவற்றையும், பெரிய அமர்வுகளின் தீர்ப்புகளையும் முதலில் திறந்து பாருங்கள். கட்டணத் தளங்கள் இந்த உழைப்பைச் சுருக்கித் தருகின்றன, மறுக்கவில்லை. ஆனால் கையால் செய்து பழகியவருக்கு வரும் உறுதி தனி.

உங்கள் தலைமுறைக்கு மட்டும் வாய்த்த ஒரு சிரமமும் உண்டு. 2024 ஜூலை 1 முதல் மூன்று குற்றவியல் சட்டங்களும் மாறிவிட்டன. நீதிமன்ற வளாகத்தில் 482 என்றால், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் அந்தப் பிரிவின்படி வழக்கை ரத்துசெய்யக் கோரும் மனு என்றுதான் பல்லாண்டுப் பழக்கம். அதன் இடத்துக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 482 என்பது முன்ஜாமீன். ரத்து மனு 528க்குப் போய்விட்டது. எண்ணை மட்டும் போட்டுத் தேடினால் இரண்டும் கலந்து வரும். கைது குறித்த 2014ஆம் ஆண்டு அர்னேஷ் குமார் தீர்ப்பு பழைய 41, 41ஏ பிரிவுகளைப் பேசுகிறது. இன்று அவை 35க்குள் இருக்கின்றன. ஆகவே பழைய எண், புதிய எண் இரண்டையும் போட்டுத் தேடுங்கள். வாசகம் மாறியிருக்கிறதா என்று இந்தியா கோடில் ஒப்பிடுங்கள். 2024 ஜூலைக்கு முன் நடந்த குற்றங்களுக்கு இந்திய தண்டனைச் சட்டமே பொருந்தும் என்பதால் பழைய புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2023இல் நியூயார்க்கில், ஏவியன்கா விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், சாட்ஜிபிடி தந்த இல்லாத தீர்ப்புகளைத் தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. கடினமான பத்தி ஒன்றை எளிமையாக்கித் தரச் சொல்லிக் கேளுங்கள், தவறில்லை. வழக்கின் பெயரையோ மேற்கோள் எண்ணையோ அது தந்தால், தீர்ப்பை நீங்களே திறந்து பார்க்கும்வரை அப்படி ஒரு தீர்ப்பு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் கிடைக்குமா என்று கேட்டீர்கள். கிடைக்கும். உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகளில் ஒரு பகுதியைத் தமிழிலும் மொழிபெயர்த்து வெளியிடுகிறது. முதலில் தமிழில் படித்து விஷயத்தைப் பிடித்துக்கொண்டு, பிறகு ஆங்கில மூலத்துக்குப் போங்கள்; மேற்கோள் எப்போதும் மூலத்திலிருந்தே இருக்கட்டும். ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட நீதிபதிகள் கொண்ட அரசியலமைப்பு அமர்வுகளின் விசாரணை 2022 செப்டம்பர் முதல் நேரலையாக வருகிறது. அவற்றைக் கேளுங்கள். மூத்த வழக்கறிஞர் ஒரு கேள்வியை எப்படித் திசைதிருப்பாமல் எதிர்கொள்கிறார் என்பதைப் பார்ப்பது மாதிரி நீதிமன்றப் போட்டிக்கு நேரடியாக உதவும். தமிழ் வழியில் படித்தது உங்களுக்குக் குறையே அல்ல. நாளை கட்சிக்காரர் தன் வழக்கைத் தமிழில்தான் சொல்வார். அதைக் கூர்மையாகக் கேட்கத் தெரிந்தவர் நீங்கள்.

இந்த வாரம் அருணாசல கவுண்டர் தீர்ப்பை முழுவதும் படியுங்கள். தமிழ்நாடு 1989லேயே திருத்தச் சட்டம் கொண்டுவந்து, அதற்கு முன் திருமணமாகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு தந்தது. அந்தச் சட்டத்துக்கு இந்த வழக்கில் ஏன் வேலையில்லாமல் போனது என்று ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். படித்துப் பதில் எழுதுகிறேன்.